எட்டாவது அடி

இருபத்திரண்டு நிமிடம் நாற்பது நொடி.
இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க
ஒரே பாட்டு.
ஊசியைத் தூக்கி வைக்க நடுவில் கோடு கிடையாது.
போர்ட்டோவில், மத்தி மீன் டப்பாக் கிடங்கின் மேல்மாடியில்,
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிப்
பதிவு செய்தோம்.
நான் பாடுகிறவன் இல்லை, டேப் வெட்டுகிறவன்.
பிளேடும் பசைநாடாவும் என் வாத்தியம்.

முதலில் அது நாலு நிமிடப் பாட்டுதான்.
கிராசியெட் எழுதினாள், முப்பத்தொரு வரி:
கப்பலேறிய பையன்கள்,
கினியாவின் சேற்றில் புதைந்து கிடக்கும் இரும்பு,
துறைமுகத்தில் அசைத்த கைக்குட்டையிலேயே
மூக்கைச் சிந்திக்கொண்ட தாய்மார்.
தணிக்கை அலுவலகம் போய்
நீலப் பென்சில் கோடுகளாகத் திரும்பி வந்தது.
மிஞ்சியவை மூன்று சொற்கள்.
கடல். காலை. இன்னும்.

'இன்னும்' எப்படித் தப்பியதென்று
இன்னும் எனக்குப் புரியவில்லை.

"பென்சில் சொல்லைத்தானே அடிக்கும்" என்றாள் கிராசியெட்.
போன வரி ஒவ்வொன்றுக்கும்
ஆர்கனில் ஓர் இடம் விட்டாள்.
சில வரிகள் அரை நிமிடம் நீண்டன,
கைக்குட்டை மட்டும் இரண்டு நிமிடம்.

டிரம்ஸ் பெல்மிரோ.
அவன் அண்ணன் எவரிஸ்டோ
மார்ச் மாதம் திரும்பியிருந்தான்,
இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல்.
ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்
பலகைத் தரை முழுக்கக் கேட்கும்:
ஊன்றுகோல், இழுப்பு, கால்.
பிறகு நாலு எண்ணும் நேரம்
மூச்சு.
மூன்றும் நாலும் ஏழு.
படுக்கையில் கிடந்து எண்ணி எண்ணி
அதைத் தூக்கிக்கொண்டு வந்தான் பெல்மிரோ.

இரண்டு வாரம் எங்களால் பிடிக்க முடியவில்லை.
பேஸ் வாசித்த டுவார்ட்டே
ஒவ்வொரு சுற்றிலும் ஓரடி கூட வைத்து விழுந்தான்.
"எட்டாவது அடி எங்கே போச்சு?" என்று கத்தினான்.
பெல்மிரோ குச்சியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"அது அங்கேயே கிடக்குது."
அதன்பின் டுவார்ட்டே தப்பவில்லை.

பதினாலாம் நிமிடத்தில் எல்லோரும் நிறுத்துகிறார்கள்.
திறந்த ஜன்னல். நதியில் ஏதோ படகு
ஒருமுறை ஊதுகிறது.
பிளேடை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

அதிகாரி நேரில் வந்தார்.
ஜலதோஷம், நனைந்த தொப்பி, சர்க்கரையில்லாக் காப்பி.
"எதைப் பற்றி இது?"
"கடல் பற்றி" என்றாள் கிராசியெட்.
அவர் விரல் தொப்பியில் தாளம் போட்டது,
ஒவ்வொரு சுற்றின் முடிவிலும்
இல்லாத படியில் கால் வைத்தவர் போல
திடுக்கிட்டு நின்றது.
மறுபடி தொடங்கியது. மறுபடி நின்றது.
கடைசியில் "இரைச்சல்" என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் எவரிஸ்டோ வந்தான்.
மூன்று மாடி. யாரும் கை கொடுக்கவில்லை,
கொடுத்தால் திட்டுவான்.
டப்பா அடுக்கிய பெட்டிமேல் உட்கார்ந்து
பத்தொன்பது நிமிடமும் கேட்டான்.
படகு ஊதிய இடத்தில்
சிகரெட்டைப் பற்றவைத்தான், இழுக்கவில்லை.
டேப் ஓடி முடிந்து
நுனி பட் பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது.
அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

தம்பியைப் பார்த்து அவன் சொன்னது இவ்வளவுதான்:
"நான் அத்தனை வேகமா நடக்கிறதில்லடா."

பழைய டேப்பை அழித்தோம்.
முதலிலிருந்து, அவன் நடையில்,
திரும்ப வாசித்தோம்.