வலிய றா

ராத்திரி பத்தரைக்கு
தமிழில் பேசுகிறார் வெள்ளைக்கார மனோதத்துவ டாக்டர்.
பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு ஜூரி.
நாலாமவள் காலை ஆட்டுகிறாள், விலக்கு.
ஏழாமவருக்கு ஒரு மகள், வைத்துக்கொள்.
சுவர் நிறைய முகங்கள்
சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுகின்றன,
மிளகாய் பழுப்பதைப் பின்னோக்கி ஓட்டியதுபோல.
விளம்பர நேரத்தில் மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

காலையில் குலசேகரம் பஸ்ஸிலேயே தொடங்கிவிட்டது வியாதி.
றப்பர் ஷீட்டு மணக்கும் சட்டைக்காரர்:
கண்டக்டரிடம் மீதி ரெண்டு ரூபா கேட்கக் கூசுகிறார்.
முதலாளி பக்கம் சாய்வார். வேண்டாம்.
மடியில் ரீத்து வைத்த அக்கா தங்கச்சி,
இருக்கட்டும்.
திருவரம்பு தாண்டுவதற்குள் ஒன்பது பேர் தேறினார்கள்.
பிறகு ஸ்கூல் பிள்ளைகள் ஏறி
ஜூரியைக் கலைத்துப்போட்டார்கள்.

குழித்துறை கோர்ட்டில் ஜூரி கிடையாது.
இருமல் மருந்தோடு ஒரு நீதிபதி,
அவருக்குக் கீழே தட்டச்சு மேசையில் நான்.
சாட்சி சொல்வதை அய்யா சொல்வார்,
அய்யா சொல்வதை நான் அடிப்பேன்.
வாய்கள் மாறி மாறி வந்துசேரும்போது
சொல்லில் வெயர்வை வற்றியிருக்கும்.

அண்டியாபீஸ் கொதிகலன் வழக்கு.
செத்துப்போன விஜிலாவுக்குப் பக்கத்து இருக்கை
இவளுக்கு, நாலாம் சாட்சி.
அண்டிப்பால் தின்ற விரல்கள்
கூண்டின் கம்பியைப் பிடிக்கவில்லை,
தொடாமல் மேலே நின்றன.
'வால்வை அடைக்கச் சொன்னது யார்?'
மேஸ்திரி அவளைப் பார்க்கவில்லை.
அவளுடைய செருப்பைப் பார்த்தான்.
புதுச் செருப்பு.
ஒரு லாரி பாலம் ஏறி, பாலம் இறங்கி,
சத்தம் தேய்ந்து
'எனக்கு ஓர்மையில்ல.'

டாக்டரிடம் அந்த லாரி நேரம் போதும்,
ஒரு முழு எபிசோடு ஓட்டிவிடுவார்.
எனக்கு விசைப்பலகையில் அதற்கு எழுத்தில்லை.
'ஞாபகம் இல்லை' என்றார் அய்யா.
ஞாபகம் இல்லை என்பதற்கு முன்னால்
மூன்று புள்ளி வைத்தேன்.
அச்செடுத்த தாளை வாசித்துவந்தவர்
கண்ணாடியை மூக்கில் இறக்கி
'இதென்ன?'
'கை தவறிப்போச்சு, அய்யா.'
மூன்றையும் அழிக்க மூன்று தட்டு.
பிறழ் சாட்சி என்று அறிவிக்கப்பட்டு
கையெழுத்துப் போட வந்தாள்.
பேனாவை வாங்கும்போது விரல்கள் என்மேல் பட்டன,
கயிறு மாதிரி.

சாயங்காலம் அதே பஸ்.
எனக்குப் பக்கத்து சீட்டில்தான் இடமிருந்தது அவளுக்கு.
ஆற்றூர் வரை ரெண்டுபேரும்
முன்சீட்டின் கம்பியைப் படித்தோம்.
செருப்பைக் கழற்றி, குதிகாலில் தோலுரிந்த இடத்தை
மற்றக் காலால் மூடினாள்.
கேட்பாள் என்று தெரியும்.
என்னவெல்லாமோ பதில் கூட்டி வைத்திருந்தேன்.

'பிள்ளே, எனக்க பேரு றோசிலி.
வலிய றாதானே போட்டிய?
ரேஷன் கார்டுல சின்ன ராவப் போட்டு
வருசம் மூணா நடத்துனானுவ.'

'வலிய றாதான்' என்றேன்.

'அது மட்டும் சரியா இருந்தா மதி'
என்று டிக்கெட்டை நாலாய் மடித்தாள்,
எட்டாய் மடித்தாள்,
இனி மடிக்க முடியாத மட்டும்.