அபாயம், நான்காவது வரியில்

செந்தூல் ரயில் நிலையத்தில் இறங்கி
ஏழு நிமிட நடை.
கார் கழுவுகிற கடையைத் தாண்டினால்
வேலிக்குள் தனியே முனகிக்கொண்டிருக்கும்
மின் துணைநிலையம்.
அதன் இரும்புக் கதவில்தான்
கோலாலம்பூரிலேயே எனக்குப் பிடித்த சொல் இருந்தது:

அபாயம்.

மலாய்க்குக் கீழே, ஆங்கிலத்துக்குக் கீழே,
சீனத்துக்கும் கீழே
நான்காவது ஆளாக.
சிவப்பில் வெள்ளை. எழுதியவர் பெயர் இல்லை.

நான் பிஸ்கட் டப்பாக்களில் எழுத்தடுக்குகிறவள்.
தமிழுக்கு ஆறு புள்ளி அளவுக்குமேல் தரமாட்டார்கள்.
"உங்க மொழி ரொம்ப நீளம்லா" என்பார் வெய் ஷான்.
பொய்யில்லை.
'உலர்ந்த இடத்தில் காற்றுப்புகாமல் வைக்கவும்'
என்று படித்து முடிப்பதற்குள்
பிஸ்கட் நமத்துவிடும்.

அதனால்தான் தினமும் அங்கே நின்றேன்.
அகரம்
தூண்டில் முள்ளாய் உள்ளே சுழன்று
வயிறு முட்டக் காற்றிழுத்து
வலப்பக்கம் நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டுக்
கதவைச் சாத்திக்கொள்ளும்.
பகரம், மூடி தொலைந்த டப்பா.
துணைக்கால் மட்டும்
மற்றவை நிற்கும் தரைக்கு
ஒரு நூல் கீழே இறங்கியிருக்கும்.
பிழையா, வேண்டுமென்றேயா?
மூன்று வருடமாக எனக்குள் வழக்கு நடக்கிறது.
கடைசியில் புள்ளி.
உருண்டை இல்லை;
பட்டைத் தூரிகையை ஒரே முறை வைத்து எடுத்த
சாய்சதுரம்.

பக்கத்துக் கிடங்கின் காவலர் புஷ்கர் தாமாங்
முதலில் என்னைத் திருடி என்று நினைத்தார்.
"செம்புக் கம்பியா?" என்றார் மலாயில்.
"இல்லை பாங், எழுத்து."
கிட்டே வந்து பார்த்தார், வெகுநேரம்.
"எங்கள் எழுத்து கொடியில் துணி மாதிரித் தொங்கும்.
உங்களுடையது
சாப்பாட்டுக்குப் பாயில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது."
பிறகு அவரும் சில நாள்
டீ டம்ளரோடு வந்து நிற்பார்.

போன செவ்வாய்க்கிழமை
பலகையை மாற்றிவிட்டார்கள்.
பளபளக்கும் மஞ்சள் ஒட்டுத்தாள்.
மலாய் சரி. ஆங்கிலம் சரி.
சீனத்தைப் படமெடுத்து வெய் ஷானுக்கு அனுப்பினேன்,
அதுவும் சரியாம்.

அபாயம

சொல்லிப் பாருங்கள்.
வாய் மூடாது.
'ம்' என்றால் உதடு சேரும்.
உதடு சேர்ந்தபின்தான்
கால் ஓரடி பின்னால் போகும்.
இதுவோ
இன்னும் ஏதோ வரப்போகிறது என்று
கதவருகிலேயே நிற்கவைக்கிறது.

புகார் எழுதினேன். எண் வந்தது.
பிறகு பதில்: எழுத்துருச் சிக்கல், கவனத்தில் கொள்ளப்பட்டது.

வெள்ளிக்கிழமை
கறுப்பு மார்க்கர் வாங்கிக்கொண்டு போனேன்.
தாமாங் தன் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து
இரு கையாலும் பிடித்துக்கொண்டார்.
தொடாதே என்கிற பலகையைத்
தொட்டுக்கொண்டு நிற்கிறேன்.
புள்ளி வைப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன்.
எங்கே வைப்பது?
மகரத்தின் நட்டநடுவிலா,
வலது வளைவின் தோளுக்கு மேலா?
ஒட்டி வைத்தால் அழுக்கு.
எட்டி வைத்தால் ஈ.

"சீக்கிரம்" என்றார் கீழிருந்து.
அப்போதுதான் கேட்டேன்.
மூன்று வருடமாக முனகல் என்று நினைத்தது
முனகல் இல்லை.
கதவுக்குப் பின்னால் அந்த இயந்திரம்
உதடு பிரிக்காமல்
ம்ம்ம் என்று
சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

வைத்தேன்.

கொஞ்சம் பெரிதாகிவிட்டது.
ஆறு புள்ளிக்குள் குனிந்து குனிந்து
பழகிய கை.
இருக்கட்டும்.