கரை புடிச்ச நாள்

தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனிக்கு மேல் மாடி.
விசைப்படகுச் சங்கத்தின் நீள நோட்டை
டேட்டாபேஸில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
கீழே பார் உடைக்கும்போதெல்லாம்
திரையும் சேர்ந்து நடுங்குகிறது.

படகு எண், டிரைவர் பெயர் வரை தகராறில்லை.
டோக்கன் வரிசைக்கு ஆர்டர் என்று பெயர் வைத்தேன்,
முதல் வரியிலேயே பிழை.
அந்தச் சொல் அதற்குச் சொந்தமாம்.
சேர்ந்து போகும் படகுகளுக்கு குரூப். ஆகாது.
எதுவரை போகலாம் என்பதற்கு லிமிட்.
அதுவும் ஏற்கெனவே யார் பேரிலோ இருக்கிறது.

ஃபிரேம்வொர்க் கெட்டிக்காரன்.
இந்த மாதிரிச் சொல் வந்தால்
எஸ்கேப் பொத்தானுக்குக் கீழே கிடக்கும் சின்னச் சாய்கோட்டை
இருபுறமும் செருகிச் சத்தமில்லாமல் கடத்திவிடும்.
மாசக் கணக்குக்கு நானே கையால் கேள்வி எழுதினேன்.
கோடு கண்ணில் படவில்லை.
பிடித்துக்கொண்டது.

செயலாளர் இன்னாசி நாற்காலியை இழுத்துப் போட்டார்.
"மாட்டுன போட்டை என்னைக்கு விட்டாங்கன்னு
ஒரு கட்டம் வேணும் ஜெசிந்தா."
ரிலீஸ் என்று அடித்தேன்.
ஒதுக்கப்பட்ட சொல்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.
சரி, திரும்பி வந்த தேதி என்று ரிட்டர்ன் போட்டேன்.
அதுவும்.
"அப்ப எங்களுக்குன்னு எதைத்தான் விட்டு வச்சிருக்கான்?"

யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நோட்டைப் புரட்டினேன்.
ஈரம் பட்டு ஊதா கரைந்த ஒரு தலைப்பு, அவர் கையெழுத்து:
கரை புடிச்ச நாள்.
ஆங்கில எழுத்தில், நடுவே அடிக்கோடு இட்டு
அதையே அடித்தேன்.
உலகத்தில் எந்த மெஷினும் அதைக் கேட்டதில்லை போல,
எடுத்துக்கொண்டது.

பதினோரு படகுக்குத் தேதி விழுந்தது.
பன்னிரண்டாவது சந்தியாகப்பர் துணை.
வட்டிக்கடை ரசீதோடு வந்திருந்த ஃபிளவியா
என் தோளுக்கு மேல் குனிந்து கேட்டாள்,
"எங்க போட்டுக்கு என்ன போட்டுருக்கு?"
யோசிக்காமல் திரையில் இருந்ததை வாசித்தேன்.
"நல்."
"நல்லதாக்கா?"

அவள் போன பிறகு ஒரு வரி சேர்த்தேன்:
கட்டம் காலியாக இருந்தால்
இன்னும் வரல என்று காட்டு.
இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன்.
சரியாக வேலை செய்கிறது.