மூன்றாம் பாட்டில் என் கெட்டில்

டனீடனில் அந்தக் குளிர்காலம்
சுவர்கள்கூட வியர்த்துக்கொண்டிருந்தன.
வாரத்துக்குப் பதினெட்டு டாலர் வாடகை,
அதிலும் மர்டோ இரண்டு வாரம் பாக்கி.
ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து,
கடன் வாங்கிய நாலுதடப் பதிவுப்பெட்டியைச் சுற்றி
கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்தார்கள் மூவரும்.

நான் பாடகி இல்லை.
எதையும் வாசிக்கத் தெரியாது.
பின்னறைக்காரி,
இரவு வேலை முடிந்து வந்து
தேநீருக்குத் தண்ணீர் வைத்தவள்,
அவ்வளவுதான்.

தவறவிட்ட பேருந்தைப் பற்றி
மெர்ரின் பாடிக்கொண்டிருந்தாள்,
தூங்கும் குழந்தையை எழுப்பிவிடாத குரலில்.
இரண்டாவது நிமிடம், பதினோராவது நொடி:
கெட்டில் கூவியது.

ஓடினேன். அணைத்தேன். "சனியனே" என்றேன்.
(அதுவும் கேட்கிறது என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு.)
யாரும் நிறுத்தவில்லை.
இன்னொரு நாடா வாங்கக் காசில்லை.
ரேவி மட்டும் ஒரு தாளம் தவறிச் சிரித்தான்.
அதற்குப் பிறகு பாட்டு
கொஞ்சம் வேகமாக ஓடும்,
பிடிபடாமல் தப்பித்த பையனைப் போல.

முந்நூறு தட்டுகள்.
உறைகளை மைதாப் பசையால் நாங்களே ஒட்டினோம்.
நாற்பதை எலி தின்றது.
இரண்டாம் ஆல்பம் வரவேயில்லை.
மெர்ரின் பல் டாக்டர் ஆனாள்.
மர்டோ யாரோடும் பேச்சை நிறுத்திக்கொண்டான்.
ரேவி துறைமுகத் தடத்தில் பேருந்து ஓட்டுகிறான்.

புதுப்பதிப்புக்கு வந்த ஒலிப்பொறியாளர்
நல்ல பிள்ளை.
"அந்த விசிலைத் தடயமில்லாமல் எடுத்துவிடலாம்" என்றான்,
எடுத்தும் அனுப்பினான்.
கேட்டோம்.
குறையே சொல்ல முடியாது.
எல்லாரும் காலி செய்துபோன வீடுபோல் இருந்தது.
மர்டோவிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது,
முப்பது வருஷத்தில் முதல் முறையாக:
*தண்ணீரைத் திரும்ப அடுப்பில் வை.*

போன செவ்வாய், மழை.
ரேவியின் பேருந்தில் ஏறினேன்.
பின் இருக்கையில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள்,
ஒரே இயர்போன், ஆளுக்கொரு காது.
இவர்களின் அம்மாக்களே
அப்போது பிறந்திருக்க மாட்டார்கள்.
"இரு இரு, இப்ப வரும் பாரு" என்றாள் ஒருத்தி.
கண்களை மூடிக்கொண்டு
இரண்டு பேரும் ஒன்றாகக் கூவினார்கள்,
ஊஊஊ என்று, சுருதி பிசகாமல்,
என் அடுப்பு, என் தண்ணீர், என் அவசரம்.

கண்ணாடியில் ரேவி என்னைத் தேடிப் பார்த்தான்.
அதே சிரிப்பு.
ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டோம்.
பின்னால் மழையில் யாரோ
குடையை ஆட்டி ஆட்டிக்
கத்திக்கொண்டிருந்தார்.