மாறும் நேரம்

மூன்று ஐம்பதுக்கு அலாரம்.
அது வாய் திறக்குமுன் அமுக்கிவிட வேண்டும்,
சின்னவனுக்குப் பூனைக் காது.
ஃபோன் வெளிச்சத்தில் இரண்டு பேரீச்சம்பழம்,
கல்லுப்பு கலந்த தண்ணீர்.
டிபன் டப்பாக்களை எடுத்து வைக்கிறேன்:
மூன்று டப்பா, இரண்டு மூடி.
பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு
நீந்தத் தெரியாதென்றால்
மஸ்கட்டில் யாரும் நம்புவதில்லை.
கடல் எங்கள் வீட்டு ஆண்களின் அலுவலகம்.
நாங்கள் வாசல்வரை போயிருக்கிறோம்.

முப்பத்தொன்பதில் கற்றுக்கொண்டேன்,
ருவியில், ஏழாவது மாடிக்கும் மேலே,
பதினேழு வீச்சில் தீர்ந்துபோகும் குளத்தில்.
ஐம்பத்தாறு முறை போய்த் திரும்பினால்
போட்டித் தூரம்.
முப்பதுக்கு மேல் எண் நழுவிவிடும்.
அதனால் காவலாளி ஷொஃபிகுல்
துணிக்கொடியில் கிளிப்புகளை
ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணுவான்.
எல்லாம் அந்த மூலைக்குப் போனதும்
"ஆபா, ஃபினிஷ்."
மூன்றாம் மாடிக்காரி நாலு கிளிப்பை எடுத்துப்போன அன்று
எனக்கு நாலு சுற்று குறைந்தது.
இருவருமே கவனிக்கவில்லை.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும்
சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும்
மாறுகிற நேரமும் மொத்தக் கணக்கில் சேருமாம்.
கூடப் பயிலும் மார்லோன் சொன்னதும்
சிரித்துவிட்டேன்.
தம்பி, நான் அதில்தான் தேறியவள்.
தார்சைத் சிக்னல் தொண்ணூறு நொடி:
ஒரு கம்மல், கண்மை,
ஜெனிட்டாவின் பன்னிரண்டாம் வாய்ப்பாடு.
இன்னொரு கம்மல் அடுத்த சிக்னலில்.
வாதி கபீர் உதிரிபாகக் கம்பெனியில்
வாட் கணக்கின் முன் உட்கார்ந்து தலை சாய்த்தால்
காதிலிருந்து சொட்டுகிறது குளம்,
ஐந்து சதவீதத்தின் மேல்.
"வெயில்ல எங்கே சுத்துறீங்க,
முகம் இப்படிக் கறுத்துப்போச்சு?"
மேலாளரின் கேள்விக்கு
இன்வாய்ஸ் எதுவும் இல்லை என்னிடம்.

செவ்வாய் இரவு மத்ரா கடற்சாலையில் ஓட்டம்.
மீன் சந்தை பூட்டியிருக்கும்,
வாடை பூட்டியிருக்காது.
அந்த இருநூறு மீட்டரில் மட்டும்
என் மூச்சு சீராகும்.

ரெக்சன் துக்மிலிருந்து
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறான்,
வியாழன் நள்ளிரவு,
ஐந்நூறு கிலோமீட்டர் மணலைக் கண்ணில் சுமந்து.
அவனுக்குக் கிடைக்கும் ஒரே வெள்ளிக்கிழமையிலிருந்து
தொண்ணூறு கிலோமீட்டரை
நான் வெட்டி எடுத்துக்கொள்கிறேன்.
எதற்கு என்று கேட்டிருந்தால்
சண்டையாவது போட்டிருக்கலாம்.
தூக்கத்தில் புரண்டு அவன் கேட்பது ஒன்றுதான்:
"டயர்ல காத்து பாத்தியா?"

பார்க்கவில்லை.
அமராத் ஏற்றத்தின் பாதியில்
பின்சக்கரம் படுத்துவிட்டது.
செப்டம்பர். இரவெல்லாம் சேமித்த சூட்டை
ஆறு மணிக்கே மலை திருப்பித் தந்துகொண்டிருந்தது.
மூன்று ஆடுகள் வேடிக்கை பார்த்தன.
தண்ணீர் லாரி ஒன்று நின்றது.
சைக்கிளைத் தூக்கிப் போடுங்கள்,
உச்சியில் இறக்கிவிடுகிறேன் என்றார் ஓட்டுநர்.
வேண்டாம் என்பதற்கு ஒரு காரணமும் இல்லை.
வேண்டாம் என்றேன்.
டியூப் மாற்ற இருபத்திரண்டு நிமிடம்.
அதுவும் கணக்கில் சேரும்.

ஜெனிட்டாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம்
செயலியில் ஏழு கட்டங்களும் சிவப்பு.
தவறிய பயிற்சி, தவறிய பயிற்சி என்று
பள்ளிக்கூட டைரி மாதிரி எழுதிக்கொண்டே போனது.
நெற்றியில் ஈரத்துணி மாற்றிய தடவைகளை
எண்ண அதற்கு வழியில்லை.
இரவு இரண்டு மணிக்குக்
கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன்.
கெண்டைக்கால் மட்டும் தானாகத் துடித்து
எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

இன்று மாடிக்கு வந்தால் ஷொஃபிகுல் இல்லை.
விடுமுறை, சில்ஹெட், இரண்டு மாதம்.
புதுக் காவலாளிக்கு என்னைத் தெரியாது.
கிளிப்புகள் ஒரே மூலையில் நெருக்கியடித்து,
அவன் கடைசியாகத் தள்ளிவைத்தபடி.
போட்டிக்கு இன்னும் ஏழு வாரம்.
எத்தனை முறை போய்த் திரும்பினேனோ, தெரியாது.
ஒருமுறை நட்ட நடுவில் மல்லாந்து மிதந்தேன்.
காதை நிறைத்த தண்ணீருக்கு அப்பால்
பாங்கு கலங்கலாய்க் கேட்டது.

கரையேறும்போது ஐந்து நாற்பது.
ஈரக் காலோடு படியிறங்கையில்தான் நினைவு வந்தது:
அந்த மூன்றாவது மூடி
என் சைக்கிள் பையில் இருக்கிறது.
பஞ்சர் சாமான்களை வைக்க
நானேதான் எடுத்துப்போனேன்.