எழுபத்திரண்டு பார் ஓய்வு

ஒன்று.
குச்சிகளை மடியில் வைத்துவிட்டேன்.
எழுபத்திரண்டு பார் எனக்கு வேலையில்லை.
பார் என்றால் இங்கே உலகமும் அல்ல, மதுக்கடையும் அல்ல,
நான்கு தட்டு, அவ்வளவுதான்.
“எழுபத்திரண்டா! மேளகர்த்தா கணக்கு.
மேளக்காரிக்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறான் ஜெர்மன்காரன்”
என்பார் முதல் வயலின் வேங்கடவரதன்,
ஒவ்வொரு ஒத்திகையிலும், அன்றுதான் தோன்றியதுபோல.

ஏழு. எட்டு.
எழும்பூர் அரங்கில் ஏசி நின்று கால்மணி நேரம்.
ஜெனரேட்டர் விளக்குகளுக்கு மட்டும்.
கரண்ட் போனால் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்:
பகலில் நான் தண்டையார்பேட்டை மின்வாரியக் கவுன்டர்.
நான் என்ன செய்ய?
சூட்டில் குழல்கள் ஏறுகின்றன, தந்திகள் இறங்குகின்றன,
என் டிம்பனித் தோல் இரண்டுக்கும் நடுவில்
எந்தக் கட்சி என்று தெரியாமல் நிற்கிறது.

பதினாறு.
இப்படித்தான் ஆரம்பம் என்று சொல்வார்கள்:
ரெக்கார்டிங் இல்லாத நாற்பது நாள் வேலைநிறுத்தம்.
பெரம்பூர் ரயில்வே மன்றத்தில்
கேரம் போர்டுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு
முப்பத்தொரு பேர் உட்கார்ந்தார்கள்.
வேப்பேரி சர்ச்சிலிருந்து செல்லோ,
லோகோ ஷெட்டிலிருந்து ட்ரம்பெட், விரலில் கிரீஸோடு,
போலீஸ் பேண்டிலிருந்து ஹார்ன்.
வயோலா யாருக்கும் வாசிக்கத் தெரியாது.
சீட்டுக் குலுக்கினார்கள். தோற்றவர் கற்றுக்கொண்டார்.

இருபத்தேழு, எட்டு, ஒன்பது.
சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது
ஒரு சிவப்புப் பேனா ‘தேசிய’ என்ற சொல்லை அடித்தது.
தேசத்தைப் பெயரில் வைத்துக்கொள்ள
தில்லியிலிருந்து கடிதம் வேண்டுமாம்.
அதற்குள் இரண்டாயிரம் லெட்டர்ஹெட் அச்சாகிவிட்டது.
மெல்லிசுத் தாள், கடன் வாங்கிய காசு. எறிவார்களா?
பின்பக்கம் ஐந்து கோடு போட்டு
நோட்டு எழுதிக்கொண்டார்கள்.

முப்பத்தெட்டு.
வெளிநாட்டுக் கண்டக்டர் ஒருவர் வந்தார்.
மூன்று நாளில் மூன்று முறை கேட்டார்:
ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போக
எதற்கு இந்த வழுக்கல்?
வில்லுக்கு ரோசின் தேய்த்தபடி வேங்கடவரதன், தமிழில்:
“வழியில்லாமல் ஊர் எப்படிங்க வந்து சேரும்?”
ஓபோ ஹில்டா ரொசாரியோ நாணலைக் கடித்துக்கொண்டு:
“அது வழி இல்ல வரதன், சோம்பேறித்தனம்.”
இருபது வருடமாக அதே சண்டை.
அவள் கொடுக்கும் சுருதி ஊசி.
அவர் அதில் நூல் கோக்கும்போது கை ஆடும்.
அந்த ஆட்டம்தான் எங்கள் ஒலி என்று நான் நினைக்கிறேன்.
கமிட்டியில் சொன்னதில்லை. கமிட்டியில்
வாடகை பாக்கிதான் பேசுவோம்.

நாற்பத்தாறா? ஐம்பத்தாறா?
போச்சு.

நூறு ரூபாய்க் கட்டில் ஒரு தாள் தப்பினால்
விரல் சொல்லிவிடும். இங்கே எதுவும் சொல்லவில்லை.
செல்லோக்கள் இறங்கும் இந்த இடம்
இரண்டு முறை வரும்; இது முதலா, இரண்டா?
கண்டக்டர் என்னைப் பார்க்கவில்லை.
முன்வரிசையில் ஒருவர் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொள்கிறார்,
அவர் ஒரு தாளம், நாங்கள் வேறு தாளம்.

அப்போது ஏகாம்பரம் தன் ஹார்னைக் கவிழ்த்து
எச்சில் தண்ணீரை உதறுகிறார்.
அறுபத்தெட்டு.
மனுஷன் ஒருநாளும் முந்தியதில்லை, பிந்தியதில்லை.

அறுபத்தொன்பது. குச்சிகளை எடுக்கிறேன்.
எழுபது.
பின்னால் நிற்கும் அவசர விளக்கு
என் தாளை ஊடுருவுகிறது.
நோட்டுகளுக்கு நடுவே, தலைகீழாய், அச்சு மை:
யசிதே.
ஏதோ ஒரு ராகத்தின் பெயர்போல.
எழுபத்தொன்று.
ஹில்டா மூச்சு எடுக்கிறாள்.

எழுபத்திரண்டு.
தோல்மேல், தகரக் கூரையில் முதல் தூறலைவிட மெல்ல,
இடது, வலது,
இடது.