விரற்கடை

கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருந்தது.
கூட்ஸ் வண்டி போய் முடிகிற வரைக்கும்
ஹயாத் பாய் எதுவும் பேசவில்லை.
ஐம்பத்தெட்டு வேகன். எண்ணினேன்.
அப்புறம்தான்,
"இப்பவும் சொல்றேன், வோணாம்பா" என்றார்.

தார்ப்பாயை விலக்கியதும்
முதலில் வெளியே வந்தது பூனை.
பின்னாலேயே மூன்று குட்டிகள்.
அதற்கும் பின்னால்தான் யெஸ்டி.

எண்பத்தாறு மாடல்.
பெட்ரோல் டாங்க்கின் பாதி உயரத்தில்
நேராக ஒரு கறுப்புக் கோடு.
கால்வாய் எண்ணெயோடு தெருவுக்குள் வந்த அந்த டிசம்பரில்
தண்ணீர் எதுவரை நின்றதென்று
சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடித்து மறந்துவிட்டார்கள்.
இதற்கு யாரும் அடிக்கவில்லை.

க்ரோமைக் காசிமேட்டுக் காற்று நக்கித் தீர்த்திருந்தது.
ஸ்போக்குகளை நகத்தால் தட்டிக்கொண்டே போனேன்.
ஒன்றே ஒன்று மணியாக ஒலித்தது,
மிச்சமெல்லாம் இருமின.
சைலன்சர் இரண்டில் ஒன்றைக் காணோம்.
"டீக்கடைல பாய்லருக்குப் புகைக்குழா கேட்டாங்க,
குட்த்துட்டேன்" என்றாள் அமலோற்பவம்.
குரலில் வருத்தமில்லை.

"பதினாலாயிரம். எடத்த அடைக்குது, அதான்.
இல்லாங்காட்டி விக்கவே மாட்டேன்."
புக் அவள் புருஷன் பெயரில்.
புருஷன் பொன்னேரியில், வேறொரு குடும்பத்தில்.
"கையெழுத்துப் போடுவாரா?"
"ஜீவனாம்சந்தான் தரல.
கையெழுத்தாவது போடட்டும்."

டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
பிஸ்டன், போர், கிராங்க் பேரிங்,
மகாராஷ்டிராவிலிருந்து வரவேண்டிய கார்ப்பரேட்டர்,
டயர் ரெண்டு, வயரிங் என்று ஒரு வார்த்தை
(அந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு ஒளிந்திருக்குமென்று
ஹயாத் பாய் விளக்கினார்).
நாற்பதைத் தாண்டியபோது பேனா நின்றுவிட்டது.
மை இருந்தது.
ஜூனில் சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் கட்டவேண்டியது
அதற்குப் பக்கத்திலேயே எழுதியிருந்தது, போன வாரக் கையெழுத்தில்.

என்னிடம் காரணம் எதுவும் இல்லை.
இருபத்திரண்டு சக்கரம் ஓட்டுகிறேன்,
ஒன்றுகூட என்னுடையதில்லை.
ஜீரோ கேட் வரிசையில் பதினாறு மணி நேரம்
இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதற்குத்தான்
முக்கால் சம்பளம்.
இதையெல்லாம் காரணமென்று சொன்னால்
ஹயாத் பாய் சிரிப்பார்.
சொல்லவில்லை.

யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே லிவர்.
எழுப்புவதும் அதுதான், ஓடவைப்பதும் அதுதான்.
காலால் மிதித்தேன்.
சுவரை மிதித்த மாதிரி இருந்தது.
பாய் பிளக்கைக் கழற்றி,
அந்தத் துளையில் காது மருந்து விடுவதுபோல
டீசலை ஊற்றினார்.
"வாங்கறதுக்காக இல்ல. சும்மா. பாவம்."

மறுநாள் சாயந்திரம் மணலியிலிருந்து நேராகப் போனேன்.
பூனை சீட்டின் மேல் இருந்தது.
லிவரை வெளியே இழுத்து
முழு எடையையும் கொடுத்தேன்.

நகர்ந்தது.

ஒரு விரற்கடை.
அவ்வளவுதான், அதற்குமேல் இல்லை.
ஆனால் உள்ளே ஏதோ ஒன்று
வெகுகாலமாகச் சாய்ந்திருந்த பக்கத்தை மாற்றிக்கொண்ட சத்தம்.
ஹயாத் பாயைப் பார்த்தேன்.
"வோணாம்பா" என்றார்,
குனிந்து, அதே இடத்தில் காதை வைத்துக்கொண்டு.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை.
யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் வந்தேன்.
பழைய பிளக் எப்படியோ என் சட்டைப்பையில் இருந்தது.

ராத்திரி பதினோரு மணிக்குத் திருவொற்றியூரில்
மாடிப்படிக்குக் கீழே
துடைப்பத்தைப் படுக்கவைத்து அளந்துகொண்டிருந்தபோது
மேலிருந்து கன்னிகா எட்டிப் பார்த்தாள்.
"இன்னா பண்ற?"
"ஒண்ணுமில்ல. பூன வளக்கலாமான்னு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பூனைக்கு
ஆறரை அடியா?"